மாஸ்க்கில் அன்டூ அடித்தேன், ரீடூ அடித்தால் இன்னும் பின்னால் போகிறது

முடியோரம்

வணக்கம். நேற்று இரவு நடந்ததை அப்படியே சொல்கிறேன். எங்கே தப்பு என்று யாராவது கண்டுபிடித்துக் கொடுங்கள்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு படம். காற்றில் கூந்தல் பறக்கும் ஒரு பெண். பின்னணியை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும். லேயர் மாஸ்க் (லேயர் என்ற பட அடுக்கில் கறுப்பு அடித்த இடத்தை மறைத்து, வெள்ளை அடித்த இடத்தைக் காட்டி, சாம்பல் இடத்தை அரைகுறையாகக் காட்டும் மறைப்பு) போட்டு, சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, இழை இழையாக இரண்டு மணி நேரம் வரைந்தேன். காதருகே ஒரு கோடு உள்ளே ஏறிவிட்டது. கண்ட்ரோல்+இசட் அடித்தேன், போனது. அதற்கு முன் போட்ட கோடுகள் எப்படி இருந்தன என்று பார்க்க இன்னும் நாலைந்து முறை அடித்தேன். அதுவும் சரி.

திரும்ப முன்னால் வரலாம் என்று ரீடூ அடித்தேன். வரவில்லை. வராததோடு நிற்கவில்லை, இன்னும் பின்னால் போனது! பதற்றத்தில் விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். உச்சியிலிருந்து கழுத்து வரை செய்த வேலை கண்ணெதிரே கரைந்தது. மாஸ்க்காவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கோடு போட்டேன். இப்போது மெனுவில் ரீடூ மங்கிக் கிடக்கிறது.

ஐந்தாறு வருடம் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்திருக்கிறேன். அங்கே இப்படி ஆனதே இல்லை. இது மென்பொருளின் பிழையா, நான் செய்த பிழையா? படத்தை இன்னும் மூடவில்லை.

பழைய தூரிகை

முதலில் ஒன்று: மூடாதீர்கள். கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பிலும் சரி, ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பிலும் சரி, நீங்கள் செய்த படிகளின் வரலாறு சேமிக்கப்படுவதில்லை. மூடினால் அதோடு போச்சு.

அடுத்து, ரீடூவுக்கு எந்த விசையை அடித்தீர்கள்?

முடியோரம்

கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட். கை தானாகவே அங்கேதான் போகும்.

பழைய தூரிகை

நினைத்தேன். பிழை மென்பொருளிலும் இல்லை, முழுக்க உங்களிடமும் இல்லை. உங்கள் விரலுக்கு வேறு ஊர் வழி பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட் என்றால் ரீடூ. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலும் அப்படியே. கிம்ப்பில் ரீடூ கண்ட்ரோல்+ஒய். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட் அங்கே சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஸ்ட்ராங் அன்டூ. லேயரின் கண் குறியை மூடித் திறந்தது போன்ற, காட்டு-மறை மாற்றங்களைத் தாண்டிக்கொண்டு பின்னால் போகும் அன்டூ அது. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஒய் அதற்கு இணையான ஸ்ட்ராங் ரீடூ. ஆக, முன்னால் வர வேண்டும் என்று நீங்கள் அடித்த ஒவ்வொரு அடியும் உங்களைப் பின்னால்தான் தள்ளியிருக்கிறது, அதுவும் சாதாரண அன்டூவைவிட வேகமாக.

அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த நேரத்தில் கண்ட்ரோல்+ஒய் அடித்திருந்தால் எல்லாமே திரும்பி வந்திருக்கும். கெடுத்தது அந்தச் ‘சின்னக் கோடு’. பின்னால் போன இடத்தில் நின்றுகொண்டு புதிதாக எதைச் செய்தாலும், முன்னால் காத்திருந்த படிகள் எல்லாம் தூக்கிப் போடப்படும். கிம்ப்பின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அன்டூ செய்துவிட்டு வேறு வேலை செய்தால் விட்டுவந்த படிகள் போனவை போனவைதான் என்று சொல்லி, சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் படத்தை நகல் எடுத்துக்கொண்டு செய்யச் சொல்கிறது.

முடியோரம்

ஐயோ. சரி, அப்போது இரண்டு மணி நேர வேலை போனதுதானா?

லேயர் அடுக்கி

இதுக்குத்தான் சொல்றது, அன்டூவை நம்பி வேலை செய்பவர்கள் மாஸ்க்கையே தொடக்கூடாது. மாஸ்க்கின் அர்த்தமே எதையும் அழிக்காமல் வேலை செய்வது. தப்பாகக் கறுப்பு அடித்தால் எக்ஸ் விசையைத் தட்டி நிறத்தை மாற்றி வெள்ளையை அடித்துவிட்டுப் போங்கள். அன்டூ எதற்கு?

ஓரப்பிசிறு

@லேயர் அடுக்கி, அந்தப் பேச்சு தோள், சட்டைக் கை மாதிரி கெட்டியான ஓரத்துக்குச் சரி. கூந்தல் ஓரத்தில் மாஸ்க் முழுக்கச் சாம்பல் நிறம். ஓர் இடத்தில் 30 சதவீதம், பக்கத்துப் பிக்செலில் 70 சதவீதம். அதன் மேல் கறுப்பு விழுந்துவிட்டால் வெள்ளையை அடித்து அந்தப் பழைய சாம்பலை எப்படித் திருப்பிக் கொண்டுவருவீர்கள்? வெள்ளை அடித்தால் வெள்ளைதான் வரும். கீழே இருக்கும் படம் அழியவில்லை என்பது உண்மை. ஆனால் மாஸ்க்கும் ஒரு படம்தான். அதன் பிக்செல்களை நீங்கள் அழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மாஸ்க்குக்கு மாஸ்க் யார் போடுவது?

லேயர் அடுக்கி

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். கூந்தல் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

பிக்செல் கணக்கன்

@முடியோரம், இடைப்பட்ட நேரத்தில் எங்காவது ஏற்றுமதி செய்தீர்களா? ஜேபெக், பிஎன்ஜி, எதுவானாலும்.

முடியோரம்

வேறு பின்னணியில் முடி எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு பிஎன்ஜி எடுத்தேன். வேலையை முடிக்க அரை மணி நேரம் இருந்தபோது. ஆனால் அதில் மாஸ்க் இருக்காதே, வெறும் படம்தானே?

பிக்செல் கணக்கன்

பின்னணி ஒளிபுகுவதாக இருந்ததா? அந்த நேரத்தில் வேறு லேயர் எதுவும் கண்ணில் தெரியவில்லையே?

முடியோரம்

ஆமாம், ஒளிபுகும் பின்னணி. ஒரே லேயர்தான் திறந்திருந்தது. அளவையும் மாற்றவில்லை.

பிக்செல் கணக்கன்

அப்படியானால் உங்கள் மாஸ்க் செத்துப்போகவில்லை. பிஎன்ஜியில் ஒளிபுகும் அளவைப் பதிந்து வைக்கும் ஆல்ஃபா சேனலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு லேயரை மட்டும் திறந்துவைத்து, மாஸ்க்கோடு பிஎன்ஜியாக எடுக்கும்போது, மாஸ்க்கின் வெள்ளை-சாம்பல்-கறுப்பு அப்படியே ஒளிபுகும் தன்மையாக மாறி எழுதப்படுகிறது. ஜேபெக் எடுத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அதில் ஆல்ஃபா கிடையாது.

இப்படிச் செய்யுங்கள். இப்போதிருக்கும் படத்தை முதலில் வேறு பெயரில் சேமியுங்கள். அந்த பிஎன்ஜியை ‘லேயர்களாகத் திற’ வழியாக அதே படத்துக்குள் கொண்டுவாருங்கள். அந்த லேயரைத் தேர்ந்துகொண்டு, லேயர் மெனுவின் ஒளிபுகும் தன்மைப் பிரிவில் ‘ஆல்ஃபாவைத் தேர்வாக்கு’ என்பதை அழுத்துங்கள். தேர்வின் எல்லையில் எறும்பு வரிசை போல ஒரு புள்ளிக்கோடு ஓடும். அந்த வரிசையைப் பார்த்து ஓரம் கரடுமுரடாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது பாதி அளவுக்கு மேல் தேர்வான இடத்தின் எல்லையை மட்டும் காட்டுகிறது, உள்ளே சாம்பல் மதிப்புகள் பத்திரமாக இருக்கும். பிறகு அசல் லேயருக்குப் போய், பழைய மாஸ்க்கை நீக்கிவிட்டு, புது மாஸ்க் சேர்க்கும்போது ‘தேர்வு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசி அரை மணி நேர வேலை மட்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

சந்தேகப் பிராணி

இடையில் ஒரு கேள்வி. தமிழ் இடைமுகங்களில் அன்டூவை ‘செயல்தவிர்’ என்று போடுகிறார்களே, தவிர் என்றால் செய்யாதே என்றல்லவா பொருள்? செய்து முடித்த பிறகு எப்படித் தவிர்ப்பது?

பழைய தூரிகை

நியாயமான கேள்வி, இழைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. மாஸ்க்கை ‘முகமூடி’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்தால் எனக்குத் திருடன்தான் நினைவுக்கு வருகிறான். ‘மறைப்பு’ என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் நாமெல்லாம் மாஸ்க் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

ஓரப்பிசிறு

விசைக் குழப்பம் தீர்ந்தது, மகிழ்ச்சி. ஆனால் மாஸ்க்கில் அன்டூ ஏன் எப்போதும் வம்பு செய்கிறது என்பதைப் பேசாமல் விட்டால் அடுத்த மாதம் இன்னொருவர் இதே இழையைத் தொடங்குவார்.

என் எண்ணம் இது. அன்டூ பின்னால் எடுத்துப் போவது மென்பொருள் ‘படி’ என்று எதைப் பதிவு செய்ததோ அதை மட்டும்தான். நம் கண் நினைவில் வைத்திருப்பது வேறு. சாதாரணமாக லேயரில் வரையும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் போகும். மாஸ்க்கில் அப்படிப் போகாது. மாஸ்க்கில் வேலை செய்யும்போது பிக்செல்லைத் தவிர எத்தனை நிலைகள் இருக்கின்றன என்று பாருங்கள்: நான் லேயரில் நிற்கிறேனா, மாஸ்க்கிலா? முன்னணி நிறம் கறுப்பா, வெள்ளையா? மாஸ்க் காட்டப்படுகிறதா? மாஸ்க் அணைக்கப்பட்டிருக்கிறதா? இவற்றில் சில வரலாற்றில் பதிவாகும், சில பதிவாகாது. எது ஆகும், எது ஆகாது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

கிம்ப்பையே எடுத்துக்கொள்வோம். மாஸ்க்கை மட்டும் காட்டு, மாஸ்க்கை அணை, இரண்டும் அங்கே தனிப் படிகள். மாஸ்க்கைச் சோதித்துப் பார்க்க நாலு முறை அணைத்துத் திறந்தீர்கள் என்றால், பிறகு அன்டூ அடிக்கும்போது முதல் சில அடிகளுக்குக் கோடு எதுவும் போகாது. ‘அன்டூ வேலை செய்யவில்லை’ என்று நினைத்து வேகமாக அடிப்பீர்கள். திடீரென்று நாலு கோடு போயிருக்கும். ஆனால் லேயரின் சிறுபடத்திலிருந்து மாஸ்க்கின் சிறுபடத்துக்குக் கிளிக் செய்து மாறியது படியாகப் பதிவாகாது. நிறத்தை மாற்றியதும் பதிவாகாது.

ஃபோட்டோஷாப்பில் நேர்மாறு. லேயரின் கண் குறியை மூடித் திறப்பது அங்கே இயல்பாக வரலாற்றில் வராது. ஹிஸ்டரி பலகத்தின் அமைப்பில் அதற்கென்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது, போட்டால்தான் வரும்.

முடியோரம்

நிறம் பதிவாகாது என்கிறீர்களே, அதனால்தான் எனக்கு அடிக்கடி அன்டூ அடித்த பிறகு தப்பான நிறம் விழுகிறதா? கறுப்பில் ஒரு கோடு, எக்ஸ் அடித்து வெள்ளையில் ஒரு கோடு, இரண்டையும் அன்டூ செய்துவிட்டுத் திரும்பக் கறுப்பு போடலாம் என்று வைத்தால் வெள்ளை விழும்.

ஓரப்பிசிறு

அதேதான். கோடுகள் பின்னால் போயின, உங்கள் கையில் இருக்கும் பிரஷ் போகவில்லை. அன்டூ அடித்தவுடன் ஒரு முறை நிறப் பெட்டியைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான் டி விசையை அடித்து நிறங்களை இயல்புக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த கோடு போடுவேன்.

லேயர் அடுக்கி

எல்லோருக்கும் நடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்க்கில் நிற்பதாக நினைத்து லேயர் மேலேயே கறுப்பு அடிப்பது. பெரிய கோடாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். பின்னணியே கறுப்பாக இருக்கும் படத்தில் தெரியாது. மறைகிறது என்று நினைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே போவோம். அறுபது கோடு தாண்டிய பிறகு பின்னணியை மாற்றினால் அங்கே கறுப்புத் தார் பூசிய மாதிரி இருக்கும். ஃபோட்டோஷாப்பில் வரலாற்று நிலைகள் இயல்பாக 50 மட்டும். அறுபதாவது கோட்டில் நிற்பவர் முதல் கோட்டுக்குப் போக முடியாது.

அமைப்பில், செயல்திறன் பக்கத்தில் 1000 வரை ஏற்றலாம். நான் 200 வைத்திருக்கிறேன்.

பிக்செல் கணக்கன்

ஏற்றுவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். 6000க்கு 4000 அளவுள்ள படம் என்றால் 2.4 கோடி பிக்செல். மாஸ்க் ஒரே சேனல். 8 பிட் என்றால் பிக்செல்லுக்கு ஒரு பைட், ஆக முழு மாஸ்க் 24 எம்பி. 16 பிட்டில் 48. கிம்ப்பில் 32 பிட் மிதவைப் புள்ளியில் வேலை செய்கிறீர்கள் என்றால் மாஸ்க்கும் அதே துல்லியத்தில் இருக்கும், 96 எம்பி.

இதை 200 ஆல் பெருக்கிப் பயப்பட வேண்டாம். இந்த மென்பொருள்கள் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு முடி இழை வரைந்தால் அது தொட்ட கட்டங்கள் மட்டும் வரலாற்றுக்குப் போகும். அதனால் நூறு சின்னக் கோடு சும்மா. ஆனால் மாஸ்க்கை முழுக்கத் தலைகீழாக்கினால், முழு மாஸ்க்குக்கும் மங்கல் போட்டால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிறச்சரிவு இழுத்தால், எல்லாக் கட்டமும் மாறிவிடும். அந்த ஒரே படிக்கு முழு 24 எம்பி. ‘சரியாக வரும் வரை’ நிறச்சரிவை 50 முறை இழுத்துப் பார்ப்பவர் 1200 எம்பி நினைவகத்தைத் தின்றிருப்பார்.

கிம்ப் இதை எண்ணிக்கையால் மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. அமைப்பில் கணினி வளங்கள் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று, குறைந்தபட்ச அன்டூ நிலைகள். இன்னொன்று, அன்டூவுக்கு அதிகபட்ச நினைவகம். நினைவகம் நிரம்பினால் பழைய படிகள் கழியும், ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போகாது. ‘நேற்று நூறு படி பின்னால் போக முடிந்தது, இன்று பத்துதான் போகிறது’ என்று யாராவது குழம்பினால் பெரும்பாலும் இதுதான் காரணம். நேற்று சின்னக் கோடு, இன்று பெரிய மங்கல்.

பழைய தூரிகை

இதோடு சேர்த்து ஒன்று. பேனாவை எடுக்காமல் வரையாதீர்கள். அழுத்தியதிலிருந்து விடும் வரை ஒரே படி. பேனா பலகையில் ஒரே இழுப்பாக ஒரு நிமிடம் தோள் ஓரத்தைச் சுற்றி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் கை நடுங்கினால் அந்த ஒரு நிமிடமும் ஒரே அன்டூவில் போய்விடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை கையை எடுங்கள்.

இருட்டறை

நான் டார்க்டேபிள் என்ற ஒளிப்படத் திருத்த மென்பொருளைப் பயன்படுத்தும் ஆள். இங்கே கதை கொஞ்சம் வேறு. சொல்லாமல் விட்டால் டார்க்டேபிள்காரர்கள் கிம்ப் விதியை இங்கே பொருத்திப் பார்த்துக் குழம்புவார்கள்.

இங்கே இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, கண்ட்ரோல்+இசட், கண்ட்ரோல்+ஒய். இது எத்தனை படி வேண்டுமானாலும் போகும், ஆனால் படத்தைத் திருத்தும் காட்சியான டார்க்ரூமை விட்டு வேறு காட்சிக்குப் போனால் அந்தப் பட்டியல் காலியாகிவிடும். இன்னொன்று, இடது பக்கம் அடுக்காக இருக்கும் வரலாற்று அடுக்கு. இது படத்தோடு சேர்த்துத் தரவுத்தளத்திலும் எக்ஸ்எம்பி துணைக் கோப்பிலும் இருக்கும். கணினியை அணைத்துப் போட்டாலும் நாளைக்கு இருக்கும்.

‘டார்க்டேபிளில் அன்டூ போய்விட்டது’ என்று அழுபவர்களில் பாதிப் பேர் முதலாவதை இரண்டாவது என்று நினைத்தவர்கள். மீதிப் பேர் வரலாற்று அடுக்கில் கீழே ஒரு படியைக் கிளிக் செய்து பார்த்துவிட்டு, அங்கேயே நின்றபடி ஒரு ஸ்லைடரை நகர்த்தியவர்கள். நகர்த்திய கணமே மேலே இருந்தவை கழற்றி எறியப்படும். முடியோரம் போட்ட சின்னக் கோடு மாதிரியேதான். ஒரு வித்தியாசம், இங்கே அப்படி எறிந்ததையும் கண்ட்ரோல்+இசட் அடித்துப் பெரும்பாலும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், டார்க்ரூமை விட்டு வெளியே போகாமல் இருந்தால்.

மாஸ்க்கில் இன்னொரு பொறி. நீங்கள் வரைந்த ஒரு வடிவத்தை (வட்டம், பாதை, பிரஷ் கோடு எதுவானாலும்) இரண்டு மாட்யூல்களில் (வெளிச்சம், நிறம் என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் உள்ள தனிக் கருவிகளில்) பயன்படுத்தலாம். அப்படிப் பகிர்ந்த வடிவத்தை ஒரு மாட்யூலில் இழுத்தால் மற்றதிலும் நகரும். வெளிச்சத்துக்காக முகத்தில் போட்ட வட்டத்தை நகர்த்துவீர்கள், நிறத்துக்காக அதே வட்டத்தை வாங்கியிருந்த மாட்யூலும் கெடும். பிறகு ‘நான் தொடாத இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது’ என்று தேடுவீர்கள். தனித்தனியாக நகர வேண்டும் என்றால் வடிவத்தைத் தனியாகவே வரைந்துவிடுங்கள்.

சந்தேகப் பிராணி

லைட்ரூமில்?

லேயர் அடுக்கி

லைட்ரூம் கிளாசிக் என்ற ஒளிப்படத் திருத்த மென்பொருளிலும் ஏறக்குறைய அதே இரட்டை ஏற்பாடு. ஹிஸ்டரி பலகத்தில் உள்ளவை அதன் தரவுத்தளமான கேட்டலாக்கில் இருக்கும், மூடித் திறந்தாலும் போகாது. கண்ட்ரோல்+இசட் பட்டியல் மூடினால் போகும். ரீடூ விண்டோஸில் கண்ட்ரோல்+ஒய். 2021 அக்டோபரில் மாஸ்க்குக்குத் தனிப் பலகம் வந்த பிறகு ஒரே படத்தில் ஏழெட்டு மாஸ்க் போடுவது சகஜமாகிவிட்டது. ஹிஸ்டரியில் எந்தக் கோடு எந்த மாஸ்க்குடையது என்று தேடுவது தலைவலி. நான் மாஸ்க்குக்குப் பெயர் வைப்பேன், ஒவ்வொரு மாஸ்க் முடிந்ததும் அந்த நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுப்பேன்.

ஃபோட்டோஷாப்பில் இருந்து வருபவர்கள் ஸ்னாப்ஷாட் என்ற அதே சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபோட்டோஷாப் ஸ்னாப்ஷாட் கோப்பை மூடியதும் மறைந்துவிடும்.

பிக்செல் கணக்கன்

எனக்கு ஒரு ஆதங்கம். புதுக் கோடு போட்டதும் முன்னால் இருந்த படிகளை ஏன் எறிய வேண்டும்? கிளை பிரித்து வைத்துக்கொள்ளக் கூடாதா? அஃபினிட்டி ஃபோட்டோவில் அப்படித்தான். பின்னால் போய் வேறு வேலை செய்தாலும் விட்டுவந்த பாதையை வைத்திருக்கும், பொத்தானை அழுத்தி இந்தப் பாதையா அந்தப் பாதையா என்று மாற்றிப் பார்க்கலாம். வரலாற்றைக் கோப்போடு சேமிக்கவும் வழி உண்டு. அது இங்கே இருந்திருந்தால் முடியோரம் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டார்.

பழைய தூரிகை

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பிலும் ‘நேர்கோடற்ற வரலாறு’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. போட்டுப் பாருங்கள். பின்னால் ஒரு நிலையைக் கிளிக் செய்துவிட்டுக் கோடு போட்டால், பழையவை அழியாமல், புதியது பட்டியலின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் எது எதன் பிள்ளை என்று தெரியாமல் போய்விடும். நான் ஒரு வாரம் வைத்திருந்து எடுத்துவிட்டேன்.

பல படி அன்டூவே பெரிய வரம் என்று நினைத்த தலைமுறை நாங்கள். 1998இல் ஃபோட்டோஷாப் 5.0 வந்தபோதுதான் ஹிஸ்டரி பலகமே வந்தது. அதற்கு முன் ஒரு படி, அவ்வளவுதான். லேயர் அதற்கு நாலு வருடம் முன்பு, 1994இல் 3.0இலேயே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மாஸ்க் வரைந்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். கண்ட்ரோல்+இசட் அடித்தால் ஒரு படி பின்னால், மறுபடி அடித்தால் முன்னால் என்ற அந்தப் பழைய குணம் 2018 அக்டோபரில் புதிய பதிப்பு வரும் வரை ஓடியது. இப்போதும் விசைக் குறுக்குவழி அமைப்பில் பழைய அன்டூ முறை என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்காக.

ஓரப்பிசிறு

உண்மையான பிழையும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம், எல்லாவற்றையும் பயனர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நான் ஒரு காலத்தில் பயன்படுத்திய மென்பொருளில் (பெயர் வேண்டாம், பிறகு சரிசெய்துவிட்டார்கள்) மாஸ்க்கை லேயரிலிருந்து நீக்கிவிட்டு அன்டூ செய்தால் மாஸ்க் வரும், ஆனால் நீக்குவதற்கு முந்தைய கடைசிக் கோடு மட்டும் இல்லாமல் வரும். சிறுபடத்தில் கோடு இருக்கும், பெரிய படத்தில் இருக்காது. மூன்று நாள் நான்தான் பைத்தியம் என்று நினைத்தேன்.

பிழை என்று சந்தேகம் வந்தால் பெரிய படத்தில் தேடாதீர்கள். 500க்கு 500 அளவில் புதுப் படம் ஒன்று, ஒரு லேயர், ஒரு மாஸ்க், மூன்று கோடு. இந்த நிலையை பிஎன்ஜியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு படி அன்டூ, இரண்டு படி ரீடூ, மெனுவில் இருந்தே சொடுக்கி, விசையைத் தொடாமல். மறுபடி பிஎன்ஜி. இரண்டு பிஎன்ஜிகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து மேலதை ‘வித்தியாசம்’ கலப்பு முறைக்கு மாற்றினால், ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். எங்காவது ஒரு புள்ளி வெளிச்சமாக இருந்தால் பிழை கையில் சிக்கியது. ஒளிபுகும் இடத்தில் ஏமாறாமல் இருக்க, அடியில் கெட்டியான வெள்ளை லேயர் ஒன்றைப் போட்டுவிட்டு ஏற்றுமதி செய்வது நல்லது. இந்த ஐந்து படிகளை எழுதிக் கொடுத்தால் உருவாக்குநர்கள் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். ‘அன்டூ சில சமயம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் அவர்களும் என்னதான் செய்வார்கள்?

லேயர் அடுக்கி

அன்டூ தேவையே வராத மாதிரி வேலை செய்ய ஒரு வழி, ஃபோட்டோஷாப்காரர்களுக்கு. மாஸ்க் ஓரத்தை மென்மையாக்க காஸியன் மங்கல் போடாதீர்கள். பண்புகள் பலகத்தில் இருக்கும் ஃபெதர் ஸ்லைடரைப் பயன்படுத்துங்கள். அது மாஸ்க்கின் பிக்செல்லைத் தொடாது. அடுத்த வருடம் கோப்பைத் திறந்து சுழியத்துக்கு இழுத்தாலும் கூர்மையான மாஸ்க் திரும்ப வரும். பக்கத்திலேயே இருக்கும், மாஸ்க்கின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் டென்சிட்டியும் அப்படித்தான்.

மறைத்த இடத்தை லேயரிலிருந்தே அழித்து மாஸ்க்கை நீக்கிவிடும் ‘மாஸ்க்கைப் பயன்படுத்திவிடு’ கட்டளைப் பக்கம் போகவே போகாதீர்கள். கோப்பின் அளவு குறையும் என்று ஆசைப்பட்டு ஒரு முறை செய்து, சேமித்து, மூடி, மறுநாள் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

முடியோரம்

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் அண்ணன் சொன்னபடி செய்தேன். பிஎன்ஜியின் ஆல்ஃபாவில் இருந்து மாஸ்க் வந்துவிட்டது! முடி இழைகளின் சாம்பல் எல்லாம் அப்படியே இருக்கிறது. இடது காதுக்குக் கீழே மட்டும் மறுபடி வரைய வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் பழைய தூரிகை சொன்ன விசையைச் சோதித்தேன். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட் பின்னால்தான் போகிறது, ஒய் முன்னால் வருகிறது. விசைக் குறுக்குவழி அமைப்பில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட்டை ரீடூவுக்குக் கொடுக்கப் போனேன், ஏற்கெனவே வேறு கட்டளைக்கு இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. மாற்று என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். மாஸ்க்கை அவ்வப்போது பத்திரப்படுத்த, ஒவ்வொரு முறையும் பிஎன்ஜி எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

பிக்செல் கணக்கன்

வேண்டாம். மாஸ்க்கைத் தேர்வாக்கி, தேர்வு மெனுவில் ‘சேனலாகச் சேமி’ கொடுங்கள். அது எக்ஸ்சிஎஃப் கோப்புக்குள்ளேயே இருக்கும், மூடினாலும் போகாது. ‘உச்சி முடிந்தது’, ‘காது முடிந்தது’ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். சேமித்ததும் தேர்வை நீக்கிவிட்டு, மாஸ்க்கின் சிறுபடத்தை மறுபடி கிளிக் செய்யுங்கள். சேனலைத் தேர்ந்தபடியே விட்டுவிட்டால் அடுத்த கோடு சேனல் மேல் விழும், அதற்கு இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

முடியோரம்

இப்போதுதான் அது நடந்தது. கண்ட்ரோல்+இசட் ஒரே ஒரு முறை அடித்தேன்.